முதுகில் ஏறியவன் கணக்கு

போன வருஷம் பெங்களூரில் ஒரு சின்னப் போட்டி. வெள்ளை பெல்ட், நாற்பதை நெருங்குகிற கிழடுகளுக்கான பிரிவு, ஐந்து நிமிட ஆட்டம். எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய், இரண்டு கால்களையும் அவன் தொடைகளுக்குள் கொக்கியாக மாட்டி, மூன்று விநாடி அசையாமல் இருந்து, நடுவர் நாலு விரலைத் தூக்கிக் காட்டியதை என் கண்ணால் பார்த்தேன். பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்கிற, தரையில் உருண்டு பூட்டும் நெரிப்புமாக ஆடுகிற மல்லுக்கட்டில் ஒரே நிலைக்குக் கிடைக்கிற அதிகபட்சப் புள்ளி அது. அதற்கப்புறம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வலி தாங்காமல் தரை விரிப்பைத் தட்டி, அதாவது விட்டுவிடு என்று ஒத்துக்கொண்டு, தோற்றேன்.

இந்த ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும், சிரிப்பும் வந்திருக்கும். ஆமாம், பாதத்தைக் கோத்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பாதங்களையும் அவன் மடிக்கு முன்னால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால், அவன் தன் காலை அதன்மேல் மடக்கிப் போட்டு இடுப்பை முன்னால் தள்ளினால் போதும், நம் கணுக்கால் நம் எடையிலேயே முறுக்கிக்கொள்ளும். முதல் மாதத்திலேயே சொல்லித் தருகிற பாடம். எங்கள் கூடத்தில் பன்னிரண்டு வயசுப் பையனுக்குக்கூடத் தெரியும். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் பஸ் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது, நான் வீங்கின காலை எதிர் சீட்டுக்கு அடியில் நீட்டி வைத்திருந்தேன். கூட வந்த பையன் ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்துவிட்டு கடைசியில் கேட்டேவிட்டான். "முன்னாடி மாட்டுனவன் தோத்துத்தானுங்கண்ணா பாத்திருக்கேன். நீங்க பின்னாடி இருந்துட்டே தோத்துட்டீங்களே?"

அந்தக் கேள்விதான் மாசக்கணக்கில் என்னை விடவில்லை. "பாதத்தைக் கோக்காதே" என்பது பதில் ஆகாது, எனக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் கால் ஏன் போய்க் கோத்துக்கொண்டது? என் பிழைப்பு சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கணக்கு எழுதுவது. ஆத்தூர் ரோட்டில் பாதி நாள் ஓடிவிடும். கணக்கு இடிக்கிற வரியில் தப்பு இருக்காது, அதற்கு நாலு பக்கம் முன்னால் எங்கேயோ ஒரு கிழங்கு லோடு இரண்டு தடவை ஏறியிருக்கும். இதிலும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு சந்தேகம். ஆனால் எந்தப் பக்கத்தில் தேடுவது என்று தெரியவில்லை.

கழுத்து எங்கே போகும்

நாங்கள் பழகுகிற இடம் சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடி. ஏழெட்டுப் பேர், இரண்டு பெரிய ஃபேன், நடுவில் டேப் ஒட்டிச் சேர்த்த மேட். சேலத்து ஏப்ரலில் கெட்டித் துணியில் தைத்த கி என்கிற பயிற்சி உடையைப் போட்டுக்கொண்டு உருளுவது என்ன மாதிரி அனுபவம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. பத்து நிமிடத்தில் துணி நனைந்து நம் எடையில் இரண்டு கிலோ கூடிவிட்ட மாதிரி இருக்கும். சொல்லித் தருகிறவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கராத்தே, சிலம்பம் எல்லாவற்றுக்கும் நம் ஊரில் அதே வார்த்தைதானே.

மாஸ்டர் என்னிடம் வருஷக்கணக்காக ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பேக் எடுத்ததும் கழுத்தை மறந்துடுங்க. கழுத்து எங்க போகும், அது தலைக்கும் தோளுக்கும் நடுவுலதான் இருக்கும்." எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருத்தன் முதுகுக்குப் போவதே கழுத்துக்காகத்தான், போய்ச் சேர்ந்ததும் அதை மற என்றால் என்ன அர்த்தம்? கல்யாண வீட்டுக்குப் போய் பந்தியில் உட்கார்ந்த பிறகு இலையைப் பார்க்காதே என்கிற மாதிரி.

என் மேலும் முழுத் தப்பு சொல்ல முடியாது. நான் இந்த ஆட்டத்துக்கு வந்ததே ஃபோனில் வீடியோ பார்த்துத்தான். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி, பல பாணிக்காரர்கள் கலந்து மோதுகிற சண்டைப் போட்டி. தன்னைவிடப் பெரிய ஆட்களுக்கு நடுவில் ஒல்லியாக வெள்ளை உடையில் வந்த ராய்ஸ் கிரேசி அரையிறுதியில் கென் ஷாம்ராக்கையும் இறுதியில் ஜெரார்ட் கோர்டோவையும் பின்னாலிருந்து கழுத்தை நெரித்தே முடித்தார். அப்புறம் 2003இல் சாவோ பாவ்லோவில் நடந்த ஏடிசிசி, இந்த மாதிரிப் பிடி ஆட்டங்களுக்கான பெரிய உலகப் போட்டி. அதிகம் பேருக்குத் தெரியாத பையனாக வந்த மார்செலோ கார்சியா, பெரிய பெயர் வாங்கியிருந்த விட்டோர் ஷாவோலின் ரிபெய்ரோவின் பின்னால் போன வேகமும், அவர் மயங்கி விழுந்த வேகமும். அந்த வருஷம் தொடங்கி 77 கிலோ பிரிவில் மார்செலோ நாலு தடவை தங்கம் வாங்கினார். இந்த மாதிரி வீடியோக்களை நூறு தடவை பார்த்தால் மனசில் பதிவது ஒன்றுதான்: பின்னால் போ, கழுத்தில் கையைப் போடு, முடிந்தது. அவர்கள் செய்கிற வேலையில் முக்கால்வாசி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடந்துவிடுவதால், நமக்கு மிச்சக் கால்வாசி மட்டும்தான் பாடமாகிறது.

கடைசி நெரிப்பு என்னவோ எளிமையானதுதான். ஜப்பானியர்கள் ஜூடோவில் ஹடாகா ஜிமே என்பார்கள், வெற்று நெரிப்பு, அதாவது துணியைப் பிடிக்கத் தேவையில்லை. பிரேசிலில் மாட்டா லியாவ், சிங்கத்தைக் கொல்வது. முழங்கையின் உள்மடிப்பு அவன் தாடைக்கு நேர்க் கீழே வரவேண்டும். ஒரு பக்கம் புஜம், மறுபக்கம் முன்கை, இரண்டும் சேர்ந்து கழுத்தின் இரு பக்கத்து ரத்தக் குழாய்களை அழுத்தும், மூச்சுக்குழாய்க்கு நேரே அந்த மடிப்பின் இடைவெளி வருவதால் சரியாகப் போட்டால் இருமல்கூட வராது. பத்து விநாடி அளவில் நினைவு போய்விடும், அதற்கு முன்னால் அவன் தட்டிவிட வேண்டும், தட்டின கணமே நாம் விட்டுவிட வேண்டும். (இதைப் படித்துவிட்டு வீட்டில் தம்பி மேல் போட்டுப் பார்க்காதீர்கள். தெரிந்தவர் ஒருத்தர் பக்கத்தில் இல்லாமல் செய்கிற காரியம் இல்லை.) ஆனால் எதிராளி முட்டாள் இல்லையே. முதுகுக்கு நாம் வந்த உடனே தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, நம் நெரிக்கிற கையை இரண்டு கையாலும் பற்றிக்கொள்கிறான். அங்கிருந்து என் ஆட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். நான் இழுப்பேன், அவன் இழுப்பான். தாடை மேலேயே போட்டு நெரிக்கிற ஆட்களும் உண்டு, அது வலிக்கும், சில சமயம் பலிக்கவும் செய்யும். ஆனால் அப்படி ஜெயித்துவிட்டு அவனோடு சேர்ந்து டீ குடிக்க எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு நிமிடத்தில் என் முன்கை கல்லாகிவிடும். அதற்குள் அவன் இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து, என் நெரிக்கிற கைக்கு எதிர்ப்பக்கமாக முதுகைத் தரையில் ஒட்டிவிட்டு வெளியே போய்விடுவான்.

காபிக் களத்தில்

இந்த வருஷம் மே மாதம் சேலத்து வெயில் தாங்காமல் மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனார். எங்களோடு பழகுகிற ஒரு பையன் அந்த ஊர்க்காரன். கல்லூரிக்காகக் கீழே கன்னங்குறிச்சியில் தங்கியிருக்கிறான், ஐம்பத்தாறு கிலோ இருந்தால் அதிகம். அவனுடைய சித்தப்பா ஒரு எஸ்டேட்டில் மேஸ்திரி. காபி காயவைக்கிற சிமெண்டுக் களம் அறுவடை முடிந்து காலியாகத்தான் கிடக்கிறது, வந்து உருண்டுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கோடை விழாக் கூட்டம். இருபது கொண்டைஊசி வளைவிலும் கார் நின்று நின்று போக, மேட்டைச் சுருட்டிக் கட்டின எங்கள் ஆட்டோவைப் பார்த்து ஒருத்தர் மெத்தை வியாபாரமா என்று கேட்டார்.

களத்தைச் சுற்றி சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றின் மேலும் மிளகுக்கொடி. குளிர்ந்த காற்று. நான் நல்ல தெம்பில் இருந்தேன். அந்தப் பையனோடு ஆறு நிமிட ரவுண்டு. இரண்டாவது நிமிடத்தில் அவன் என் பின்னால் போய்விட்டான். நான் எண்பத்து மூன்று கிலோ, அதனால் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவன் சீட்பெல்ட் போட்டான், அதாவது வலது கை என் வலது தோளுக்கு மேலாக, இடது கை என் இடது அக்குளுக்கு அடியாக, இரண்டும் என் நெஞ்சில் சந்திக்க, அடியில் வந்த கை மேலே வந்த கையை மூடிக்கொண்டிருந்தது. அப்படியே தன் வலப்பக்கமாகச் சாய்ந்து, நெரிக்கிற கை தரைப்பக்கம் வருகிற மாதிரி என்னையும் சேர்த்துச் சாய்த்தான். நெஞ்சு என் முதுகோடு உப்பு மூட்டை ஏறின குழந்தை மாதிரி ஒட்டியிருந்தது, நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வந்தது.

மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தபடி நான் அவன் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். பிடி நன்றாகவே விழுந்தது, உடும்புப் பிடி. அவன் அந்தக் கையை இழுக்கவே இல்லை. பிடித்துக்கொள் என்று விட்டுவிட்ட மாதிரி சும்மா வைத்திருந்தான். எனக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அவனுடைய இடது கை வந்து என் இடது மணிக்கட்டைப் பிடித்து, அவசரமே இல்லாமல், சாப்பிட அடம் பிடிக்கிற குழந்தையின் கையை அம்மா நகர்த்துகிற மாதிரி, இடுப்பை நோக்கிக் கீழே தள்ளியது. தள்ளின கையோடு அவன் இடது கால் கொக்கியிலிருந்து எழும்பி என் முன்கைக்கு மேலாக வந்து, மறுபடி படிந்துகொண்டது. என் இடது கை அவன் காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உருவிப் பார்த்தேன், வரவில்லை.

அவன் அப்போதும் நெரிக்கவில்லை, சும்மா இருந்தான். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளம் எப்போதாவது அவன் கழுத்தை நெரித்ததாகக் கதையில் வருகிறதா, அதுபாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும், அந்த மாதிரி. நான் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த நிலையில் ஒரு சில்வர் ஓக் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மிச்சம் இருந்தது ஒரு வலது கை. அதைத் தேடி அவனுக்கு இரண்டு கை. ஒன்று என் கையை விரட்ட, இன்னொன்று கழுத்துக்குள் வர. அங்கே அந்த இடத்தில்தான் எனக்கு எண்ணிக்கை உறைத்தது. பின்னால் இருக்கிறவன் என்னைவிட ஒரு பிடி கூடுதலாக வைத்திருக்கிறான், அந்தக் கூடுதல் பிடி அவனுக்குக் காலிலிருந்து வந்திருக்கிறது. அவன் என் பெருவிரல் பக்கத்தைப் பிடித்து மெதுவாக விலக்கினான், வலது முன்கை தாடைக்கு அடியில் நுழைந்தது. அவசரப்பட்டு எதுவும் செய்யவில்லை, சத்தியமாக அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. நான் அவன் தொடையைத் தட்டினேன்.

அப்புறம் களத்து ஓரத்தில் உட்கார்ந்து அவனிடம் கேட்டேன், எப்படிப்பா என்று. "அண்ணா, நீங்க ரெண்டு கையால என் ஒரு கையப் புடிச்சீங்க. அப்ப என் இன்னொரு கை சும்மா இருக்குதுங்களே. அது என்ன பண்ணுதுன்னு நீங்க பாக்கவே இல்லீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னான். "நீங்க என் பின்னாடி வர்றப்ப எனக்குப் பயமே இருக்காதுங்கண்ணா. நீங்க ரெண்டு கையையும் கழுத்துக்குக் கொண்டாந்துருவீங்க. அப்ப என்னைப் புடிச்சுக்கறதுக்கு உங்களுக்குக் கால் மட்டும்தான் இருக்கும்."

பெங்களூரில் நடந்தது அப்படியே கண் முன்னால் வந்தது. இடிக்கிற வரி கணுக்கால். தப்பு ஏறின பக்கம் கை. இரண்டு கையையும் கழுத்துக்கு அனுப்பிவிட்டேன், அந்த ஆள் நழுவ ஆரம்பித்தான், நெஞ்சுக்கும் முதுகுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது, பிடித்துவைக்க வேறு எதுவும் இல்லாததால் பயத்தில் பாதங்கள் ஒன்றையொன்று தேடிப் போய்ப் பின்னிக்கொண்டன. அன்றைக்கு ஆயிரம் பேர் "கோக்காதே" என்று கத்தியிருந்தாலும் என் கால் கோத்திருக்கும்.

கால் ஒரு கையைப் பிடித்தால்

இதற்கு முறையான பெயர் இருக்கிறது என்று மாஸ்டர் பஜ்ஜி சாப்பிடும்போது சொன்னார். நியூயார்க்கில் தத்துவம் படிக்கப் போய் அங்கேயே பயிற்சியாளராகிவிட்ட ஜான் டானஹர் இதை ஸ்ட்ரெய்ட்ஜாக்கெட் என்கிறார். மனநலக் காப்பகங்களில் ஒரு காலத்தில் நோயாளியின் கைகளைக் கட்டிப்போடப் பயன்படுத்திய அங்கியின் பெயர். கைகளைக் கட்டினால் கழுத்து தானாக வரும் என்பதுதான் சாரம். மாஸ்டர் இத்தனை நாள் சொன்ன "கழுத்தை மற"வும் இதுதான். அதை அப்போதே இப்படி விளக்கியிருக்கலாமே என்று கேட்டேன். விளக்கினேன், நாலு தடவை, நீங்கள் அப்போது என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றார்.

புரிந்ததும் வந்துவிடும் என்று நினைத்தேன், வரவில்லை. முதல் தடை என் கால். குட்டையான, தடித்த கால். ஐம்பத்தாறு கிலோப் பையன் முழங்காலை மடக்கிக் கொக்கியிலிருந்து எடுத்துக் கைக்கு மேல் வைப்பதை நான் செய்தால், கால் பாதி வழியில் நின்றுவிடும், அந்த நேரத்தில் கொக்கியும் போய்விடும். இதற்கு இரண்டு மாதம் ஆனது. கடைசியில் கண்டுபிடித்தது, கால் மேலே போக வேண்டியதில்லை, அவன் கையைத்தான் இன்னும் கீழே, அவன் முழங்கால் பக்கம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். கை கீழே வந்துவிட்டால் என் குட்டைக் காலுக்கும் எட்டும். அதுவும் அவன் மணிக்கட்டைத்தான் பிடிக்க வேண்டும், முன்கை நடுவில் பிடித்தால் சேலத்து வியர்வையில் சோப்பு மாதிரி வழுக்கிவிடும்.

இரண்டாவது தடை எந்தப் பக்கம் சாய்வது என்பது. நெரிக்கிற கைப் பக்கம் சாய்ந்தால் வேலை சுலபம், அக்குளுக்கு அடியில் போன கை மேலே சுதந்திரமாக இருக்கும், அந்தப் பக்கத்துக் காலும் மேலே இருக்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அவன் தப்பிக்கிற வழியே அதுதான். நல்ல ஆட்கள் உங்களை அந்தப் பக்கம்தான் இழுத்துப்போவார்கள். அப்படி விழுந்துவிட்டால் நான் இப்போது கழுத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை, ஒரு முழங்கையைத் தரையில் ஊன்றி அவனைத் தூக்கி மறுபக்கம் புரட்டுவது வரைக்கும் வேறு எந்த வேலையும் கிடையாது. முடியாவிட்டால் முதுகை விட்டுவிட்டு மவுண்டுக்கு, அதாவது மல்லாந்தவன் மேல் கால் அகட்டி உட்காருகிற நிலைக்கு, ஏறிவிடுவேன். எதையும் விட மனசு வராதவனாக இருந்த எனக்கு இது லேசில் வரவில்லை.

கி போட்டு ஆடும்போது இன்னொரு வசதி உண்டு. அவன் இரண்டு கையாலும் நெரிக்கிற கையைப் பாதுகாத்துக்கொண்டே இருந்தால், அக்குளுக்கு அடியில் போன கையால் அவன் காலர் மடிப்பை இழுத்துத் தளர்த்தி, மேலே வந்த கைக்கு எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்தக் காலரைக் கழுத்துக்குக் குறுக்காக ஆழமாகப் பிடித்து, மறு கையால் அவன் பேன்ட்டை முழங்கால் பக்கம் பிடித்து, பக்கவாட்டில் விலகிப் படுத்து இரண்டு முனையையும் இழுத்தால் அவன் உடம்பே வில்லாக வளைகிறது. போ அண்ட் ஏரோ என்பார்கள், வில்லும் அம்பும். ஜூடோவில் இதற்கு நெருங்கிய சொந்தம் ஒக்குரி எரி ஜிமே. எனக்கு அழகாகத் தோன்றுகிற நெரிப்பு இதுதான். கைகளைக் கழுத்துக்குக் கொண்டுவந்து காவல் வைத்தால் காலர் போகிறது, காலரைக் காக்கப் போனால் மணிக்கட்டு மாட்டுகிறது. இந்த இழுபறியில் மணிக்கணக்கில் இருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. வீட்டில் இதை விளக்கினபோது மனைவி என் கழுத்தில் இருந்த சிவப்புத் தடத்தைப் பார்த்துவிட்டு, "இழுபறி எல்லாம் சரி, நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகணும், மேலே பட்டன் போட்டுக்கங்க" என்றாள்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். எண்ணிக்கை, கணக்கு என்று எழுதும்போது எல்லாம் சுத்தமாகத் தெரிகிறது. மேட்டில் அப்படி இருக்காது. பத்தில் ஆறு தடவை எனக்குக் கையைக் கீழே தள்ளவே வாய்ப்புக் கிடைப்பதில்லை. பலமான ஆள் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டு எட்டாது. ஆனாலும் பழையதற்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசம் தெரிகிறது, முதுகில் நான் இருக்கும் நேரம் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் இருபது விநாடியில் கழன்று விழுவேன். இப்போது ரவுண்டு முடிகிற மணி வரைக்கும் இருந்துவிடுகிற நாள் உண்டு. பாதம் கோத்துக்கொள்வது தானாகவே நின்றுபோனது, அதைப் பற்றி நான் தனியாக எதுவும் முயற்சி செய்யவே இல்லை.

போன வியாழக்கிழமை அந்த ஏற்காட்டுப் பையன் பின்னால் போனேன். அவன் வழுக்கி ஒரு காலை விட்டான், அதனால்தான் கிடைத்தது, பெருமைப்பட ஒன்றுமில்லை. சீட்பெல்ட், வலப்பக்கச் சாய்வு, எல்லாம் சரியாக விழுந்தது. அவன் இரண்டு கையாலும் என் வலது கையைப் பிடித்தான். நான் இழுக்கவில்லை. என் இடது கை அவன் மணிக்கட்டைத் தேடிப் போனபோது, அது அங்கே இல்லை. முழங்கையை மடக்கி என் கைக்கு உள்பக்கமாகக் கொண்டுபோய்விட்டிருந்தான். மறுபடி தேடினேன், மறுபடி நகர்ந்தது. ஃபேன் சத்தத்தில் இரண்டு பேரும் பேசாமல் படுத்துக்கிடந்தோம், நாலு கையும் அவன் நெஞ்சில் ஒன்றையொன்று தள்ளி, விலக்கி, பிடித்து, விட்டு. பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் தூங்குகிற மாதிரிதான் இருந்திருக்கும். மூன்றரை நிமிடம். மணி அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"கழுத்துக்கு வரவே இல்லையேண்ணா" என்றான், எழுந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டே. கீழே தள்ளுவண்டியில் தட்டுவடை செட்டு வாங்கிக் கொடுத்தேன். காரம் கூடுதலாகப் போடச் சொல்லி அவனே இரண்டு தட்டு சாப்பிட்டான்.